சீசன் டிக்கெட் வைத்திருந்தால்தான் உண்மையான ரசிகரா?

"வாரியர்ஸ் அணி கோப்பை மேல் கோப்பை வாங்க ஆரம்பித்த பிறகுதான் நான் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பார்க்கத் தொடங்கினேன். பழைய சீசன் டிக்கெட்காரர்கள் என்னைப் போன்றவர்களை ஜெயிக்கும்போது மட்டும் வருகிறவர்கள் என்று ஒதுக்குகிறார்கள், இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ரசிகர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுடைய கோபம் வெறும் பொறாமை இல்லை. அதற்குப் பின்னால் பல வருடக் கணக்கும் பணமும் இருக்கிறது. அந்தக் கோபம் உங்கள் மேல் விழுவதுதான் தப்பு, அது போய்ச் சேர வேண்டிய இடம் அணி நிர்வாகம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சீசன் டிக்கெட், அதாவது ஒரு சீசனின் சொந்த ஊர் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கும் டிக்கெட், எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஏதோ பணக்காரர்களின் சொகுசு மாதிரித்தான் தெரியும். ஒரு அணிக்கு சீசனில் 82 ஆட்டம், அதில் 41 சொந்த அரங்கத்தில். சீசனுக்கு முன்னால் நடக்கும் ஒன்றிரண்டு பயிற்சி ஆட்டங்களையும் பெரும்பாலும் அதே தொகுப்பில் சேர்த்து விற்றுவிடுவார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் சொந்த ஊர் ஆட்டம் 8 அல்லது 9தான், எல்லாவற்றுக்கும் போய்விடலாம். கூடைப்பந்தில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, பாதிக்கு மேல் வேலை நாள் இரவுகளில், மறுநாள் காலை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்போது, 41 முறை போய் உட்காருவது யாருக்கும் லேசான காரியம் இல்லை. அதனால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து இருக்கைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், போக முடியாத நாளை மறுவிற்பனைத் தளங்களில் விற்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸ் வருகிற நாள், வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி வருகிற நாள் என்று நாலைந்து ஆட்டத்தை நல்ல விலைக்கு விற்றால்தான் மற்ற ஆட்டங்களின் செலவு தாங்கும் என்பது பலருடைய நிலைமை. சொந்த ஊர் அரங்கத்தின் நல்ல இருக்கைகளில் எதிரணி ஜெர்சி நிறையத் தெரிந்தால், அந்த இருக்கைக்கு உரியவர் துரோகம் செய்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்த ஒரு டிக்கெட்டை விற்ற பணத்தில் அவர் ஜனவரி மாதத்து ஐந்து தோல்விகளை நேரில் பார்த்திருக்கலாம்.

இதைவிட முக்கியம், பணம் கட்டும் காலம். அடுத்த சீசனுக்கான புதுப்பித்தல் கடிதம் பெரும்பாலும் நடப்பு சீசன் முடிவதற்கு முன்பே வந்துவிடும். அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூனில், வீரர்கள் ஒப்பந்தம் முடிந்து அணி மாறுவது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். அதாவது யார் ஆடப்போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட வேண்டும். 2010 ஜூலையில் லீகின் பெரிய நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனபோது இது எவ்வளவு கொடுமையாக முடியும் என்று தெரிந்தது. முந்தைய சீசனில் 61 ஆட்டம் ஜெயித்த அணி, அவர் போனதும் 19தான் ஜெயித்தது, நடுவில் தொடர்ந்து 26 தோல்வி. ஆனாலும் அந்த வருடம் கிளீவ்லாந்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20,000 டிக்கெட்டுக்கு மேல் கணக்கில் இருந்தது, லீகிலேயே முன்வரிசை. அதை விசுவாசம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, பெரும்பாலானோர் லெப்ரான் முடிவைச் சொல்வதற்கு முன்பே புதுப்பித்திருந்தார்கள். அடுத்த சீசனில்தான் எண்ணிக்கை சரிந்தது. லெப்ரான் 2014ல் திரும்பி வந்ததும் டிக்கெட்டுகள் சட்டென்று தீர்ந்துபோயின. இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: என்பிஏ வெளியிடும் வருகைக் கணக்கு என்பது கொடுக்கப்பட்ட டிக்கெட்டின் கணக்கு, உட்கார்ந்திருந்த ஆட்களின் கணக்கு இல்லை. "எங்கள் அரங்கம் எப்போதும் நிறைந்தது" என்று ஒரு அணி பெருமை பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாரியர்ஸுக்கு வருவோம். உங்களைப் பற்றிய பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பித்தது, அப்புறம் இந்த விஷயத்தின் எல்லாப் பக்கமும் அந்த ஒரு அணியிலேயே இருக்கிறது. 1994க்குப் பிறகு தொடர்ந்து 12 சீசன் அவர்கள் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்றுகள், பக்கமே போகவில்லை. 2007ல் எட்டாவது இடத்தில் நுழைந்து, 67 ஆட்டம் ஜெயித்திருந்த டல்லாஸை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார்கள். அதோடு சரி, மறுபடியும் ஐந்து சீசன் வெளியே. அத்தனை காலமும் ஓக்லாந்தில் இருந்த 19,596 இருக்கை அரங்கம் லீகிலேயே சத்தம் மிகுந்த இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருந்தது, எதிரணி வீரர்களே அதைச் சொல்வார்கள். ஜெயிக்கிற அணிக்காகக் கத்துவது பெரிய விஷயம் இல்லை, வருடம் முழுக்கத் தோற்கிற அணிக்காக அப்படிக் கத்தினார்கள்.

ஜோ லேகப்பும் பீட்டர் குபரும் 2010ல் 45 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். 2012 மார்ச்சில், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான மாண்டா எல்லிஸை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டு, காயத்தில் கிடந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கினார்கள். சில நாள் கழித்து முன்னாள் வீரர் கிறிஸ் மல்லினைக் கௌரவித்து அவருடைய ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் விழாவில் லேகப் மைக்கைப் பிடித்ததும் அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல், பேசவே விடவில்லை. பின்னால் பார்த்தால் அந்த மாற்றம் சரியானதுதான், கரிக்கு வழிவிட்டது, போகட் 2015 கோப்பையில் முக்கியப் பங்கு வகித்தார். அதை வைத்துக்கொண்டு "பார், இந்த ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, பதினைந்து வருடத்துக்கு மேல் "அடுத்த வருடம் பார்" என்ற பேச்சையே கேட்டவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அன்று கத்தியவர்கள்தான் அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார்கள்.

பிறகு கோப்பைகள் வந்தன: 2015, 2017, 2018. நடுவில் 2015–16ல் 73 வெற்றி. விலை ஏறியது, காத்திருப்புப் பட்டியல் நீண்டது. 2019ல் அணி வளைகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவின் புதிய அரங்கத்துக்குப் போனது. அங்கே 18,064 இருக்கைதான், பழையதைவிடக் குறைவு. டிக்கெட் விலைக்கு மேல் தனியாக உறுப்பினர் கட்டணம் ஒன்றையும் வைத்தார்கள், அதை 30 வருடம் கழித்து வட்டியில்லாமல் திருப்பித் தருவார்களாம். 12 வருடம் பிளேஆஃப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஓக்லாந்துக்காரரிடம், அணி உலகின் உச்சியில் இருக்கும்போது, 30 வருடத்துக்கு வட்டியில்லாக் கடன் கேட்டார்கள். கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள், முடியாதவர்கள் வெளியே போனார்கள். அவர்கள் இடத்தில் பணமுள்ள புதியவர்கள் வந்தார்கள். பழையவர்கள் உங்களைப் பார்த்து முகம் சுளிப்பதன் மூலகாரணம் இது. உங்கள் முகத்தில் அவர்கள் பார்ப்பது தங்கள் இருக்கையில் இப்போது உட்கார்ந்திருக்கிறவரை. நீங்கள் அந்த இருக்கையை எடுக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறீர்கள், ஆனாலும் அந்தக் கோபத்துக்குக் கைக்கு எட்டுகிற ஆள் நீங்கள்தான்.

புதிய அரங்கத்தின் முதல் சீசனிலேயே, முன்னணி வீரர்களில் துரான்ட் போய்விட்டார், கிளே தாம்சன் காயத்தில், கரிக்குக் கை முறிந்தது, 15 வெற்றி 50 தோல்வி. அந்த வருடம் பாதி காலியாகத் தெரிந்த கீழ்வரிசை இருக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, டிக்கெட் வாங்க முடிவதும் விசுவாசமும் வேறு வேறு என்பது புரிந்திருக்கும்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி 2013 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம். ஃபைனல்ஸ் என்பது நான்கு ஆட்டத்தை முதலில் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை தரும் இறுதித் தொடர். ஜூன் 18, மயாமி. சான் அன்டோனியோ தொடரில் 3–2 என்று முன்னிலையில், ஆட்டத்தில் அரை நிமிடம்கூட இல்லாதபோது ஐந்து புள்ளி முன்னே. கோப்பை கொடுக்கக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஏராளமான மயாமி ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். 5.2 வினாடி மிச்சமிருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டு சமன் செய்தார், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, மயாமி 103–100 என்று ஜெயித்தது, அப்புறம் ஏழாவதையும் ஜெயித்துக் கோப்பை வாங்கியது. வெளியே போனவர்கள் திரும்பி ஓடிவந்து கதவைத் தட்டினார்கள், உள்ளே விடவில்லை. இதை எல்லோரும் மயாமியைக் கேலி செய்யத்தான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஃபைனல்ஸ் டிக்கெட் கையில் இருந்தவர்கள் யார்? பல பேர் சீசன் டிக்கெட்காரர்கள், அல்லது அவர்களிடமிருந்து பெரிய விலைக்கு வாங்கியவர்கள். 2010ல் லெப்ரானும் கிறிஸ் பாஷும் வந்தவுடன் மயாமியின் சீசன் டிக்கெட்டுகள் முழுக்க விற்றுத் தீர்ந்து, இனி விற்க எதுவும் இல்லை என்று விற்பனைப் பிரிவு ஆட்களையே அணி வேலையை விட்டு அனுப்பியது. அப்படி வாங்கிய டிக்கெட்டும் சீசன் டிக்கெட்தான். குளம் வற்றினால் பறந்துபோகிற பறவை, நிரம்பியிருக்கும்போது வருடச் சந்தா கட்டி வந்து உட்கார்ந்தாலும் அதன் குணம் மாறிவிடாது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சார்லட்டில் 1988ல் ஹார்னெட்ஸ் ஆரம்பித்தபோது கிட்டத்தட்ட 24,000 பேர் உட்காரும் அரங்கம். புதிய அணி, முதல் சீசனில் 20 வெற்றிதான், ஆனாலும் பல வருடம் லீகிலேயே அதிகக் கூட்டம் அங்கேதான், தொடர்ந்து 364 ஆட்டம் டிக்கெட் தீர்ந்தது. அந்த ஊரை நிலையில்லாத ரசிகர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் உரிமையாளர் ஜார்ஜ் ஷின் மேல் வழக்கு, பிடித்த வீரர்களை ஒவ்வொருவராக அனுப்பியது, மக்கள் வரிப்பணத்தில் புதிய அரங்கம் கட்டித் தரச் சொன்னது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததில் ஊர் வெறுத்துப்போனது. 2002ல் அணி நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும்போது கூட்டத்தில் லீகின் கடைசி வரிசை. அந்த வருடங்களில் அணி மோசமாகவும் ஆடவில்லை, பிளேஆஃபில்தான் இருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்த அணியை விட்டு மக்கள் போனார்கள். தோல்வியைத் தாங்குகிற ரசிகர்கள் அவமதிப்பைத் தாங்குவதில்லை என்பது எனக்கு இந்த ஒரு உதாரணத்திலேயே தெளிவாகிவிட்டது.

டல்லாஸில் 2025ல் இதேதான் மறுபடி நடந்தது. 2024ல் ஃபைனல்ஸ் வரை கூட்டிப்போன லூகா டோன்சிச்சை பிப்ரவரியில் நள்ளிரவுச் செய்தியாக லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லி ஒவ்வொரு ஆட்டத்திலும் முழக்கம். சில வாரத்தில் சீசன் டிக்கெட் விலை உயர்வு அறிவிப்பு வந்தது. 2001 டிசம்பரிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் அரங்கத்தை நிரப்பியதாகக் கணக்குக் காட்டும் அணி அது, அந்தக் கணக்கே இந்த மக்களின் பணத்தால் வந்தது. அவர்களிடம் "நாங்கள் கோபப்படுத்தினாலும் நீங்கள் போகமாட்டீர்கள், அதனால் கூடக் கொடுங்கள்" என்பதுபோல் இருந்தது அந்தக் கடிதம். அதன் பிறகு குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்டின் முதல் இடம் கிடைத்து கூப்பர் ஃபிளாக் வந்தார், அப்படியும் முழக்கம் நிற்கவில்லை, நவம்பரில் ஹாரிசனை நீக்கினார்கள். அப்போது புதுப்பிக்காமல் விட்டவர்களைச் சிலர் பேண்ட்வேகன் ஆட்கள், அதாவது ஜெயிக்கும்போது மட்டும் வருகிறவர்கள், என்றார்கள். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அந்த அணியின் பழைய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியை இருபது வருடம் பார்த்தவர் எழுந்து போகிறார் என்றால், அவரைப் போகவைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதுக்கு நெருக்கமானது சேக்ரமென்டோ. 2007லிருந்து 2022 வரை தொடர்ந்து 16 சீசன் பிளேஆஃப் இல்லை, என்பிஏ வரலாற்றிலேயே நீண்ட வறட்சி. அதன் நடுவில் இரண்டு முறை அணியையே கொண்டுபோகப் பார்த்தார்கள், 2011ல் அனஹைமுக்கு, 2013ல் சியாட்டிலுக்கு. ஜெயிக்கவே ஜெயிக்காத அணிக்காக அந்த ஊர் மக்கள், உள்ளூர் உரிமையாளர் வந்தால் சீசன் டிக்கெட் வாங்குவோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்தார்கள். மேயராக இருந்த கெவின் ஜான்சன், முன்னாள் என்பிஏ வீரர், மாற்று உரிமையாளர்களைத் தேடிச் சேர்த்தார். 2013 மே மாதம் அணி உரிமையாளர்கள் 22–8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள், இந்தியாவில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கியது. 2023ல் பிளேஆஃப் வந்தபோது, ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கத்தின் உச்சியிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றை வானத்தில் பாய்ந்தது, ஊரே அதற்காகக் காத்திருந்தது. அந்த வருடம் முதல் சுற்றில் ஏழாவது ஆட்டத்தில் கரி 50 புள்ளி எடுத்து அவர்களை வெளியே அனுப்பினார். நீங்கள் அந்த ஆட்டத்தைச் சந்தோஷமாகப் பார்த்திருப்பீர்கள், அதில் தப்பில்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் 16 வருடத்தையும் தெரிந்துகொண்டு பார்த்தால் அதே ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அந்த 2013 வாக்கெடுப்பில் தோற்றது சியாட்டில். அவர்களும் 41 வருடம் சூப்பர்சோனிக்ஸை வைத்திருந்தவர்கள், 1979ல் கோப்பை வாங்கியவர்கள், 2008ல் அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. அவர்களிடம் விசுவாசம் குறைவாக இருந்ததா? இல்லை. அரங்கத்துக்கு அரசுப் பணம் கிடைக்கவில்லை, உரிமையாளருக்கு வேறு ஊர் இருந்தது. ரசிகர்களின் அன்பு அணியைக் காப்பாற்றும் என்று எழுதுபவர்கள் சியாட்டிலையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஜெயித்தால் கூட்டம் தானாக வரும் என்பதும் முழு உண்மை இல்லை. கறுப்பின நட்சத்திரம் பில் ரசல் காலத்து பாஸ்டன் அணி 13 சீசனில் 11 கோப்பை வாங்கியது, அப்போதும் பாஸ்டன் கார்டனில் வழக்கமான சீசன் ஆட்டங்களுக்கு நிறைய இருக்கை காலியாகக் கிடந்தது. கறுப்பின வீரர்கள் முன்னணியில் இருந்த அணியை அந்த ஊர் அப்படித்தான் நடத்தியது, ரசல் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. பிற்பாடு வெள்ளையரான லாரி பேர்ட் வந்த பிறகு அதே அரங்கத்தில் 15 வருடம் டிக்கெட் தீர்ந்துகொண்டே இருந்தது. சிகாகோவில் ஜோர்டன் போன பிறகு 2000–01ல் 15 ஆட்டம்தான் ஜெயித்தார்கள், ஆனால் கூட்டத்தில் லீகின் மேல்வரிசையை விட்டு இறங்கவில்லை. வெற்றியை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

டிக்கெட்டே இல்லாத விசுவாசமும் உண்டு. டொரான்டோவில் நவ் பாட்டியா என்ற சீக்கியர், 1995ல் அந்த ஊர் அணியான ராப்டர்ஸ் தொடங்கிய நாளிலிருந்து டிக்கெட் வாங்கி அரங்கத்துக்கு வருகிறார், 2019ல் கோப்பை வாங்கியபோது அணி அவருக்கும் மோதிரம் கொடுத்தது. அது நல்ல விஷயம், நம் ஊர் ஆள் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அதே பிளேஆஃபில் அரங்கத்துக்கு வெளியே சதுக்கத்தில், மழையில், பெரிய திரைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் நின்றவர்களுக்கு உள்ளே போக வசதி இல்லை. பலர் குடியேறியவர்கள், மாணவர்கள், கூடைப்பந்துக்கே புதியவர்கள். அவர்களில் யார் மழைக்கு ஒதுங்காத ரசிகர் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நனைந்துகொண்டு நின்றார்கள்.

ஆக, பழைய டிக்கெட்காரர் உங்களிடம் கோபப்பட்டால், அவர் பார்த்த மோசமான சீசன்களைப் பற்றிக் கேளுங்கள். ஓக்லாந்தில் 2007 எப்படி இருந்தது என்று ஆரம்பித்தால் போதும், பெரும்பாலும் கோபம் மறந்து பேச ஆரம்பித்துவிடுவார். அணிகளிடம் கேட்க வேண்டியது வேறு: தோற்ற வருடங்களில் புதுப்பித்தவர்களுக்கு, ஜெயிக்கும் வருடத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றமாட்டோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அரங்கம் மாறினால் இருக்கைத் தேர்வில் வருடக்கணக்கு மட்டுமே பார்க்க வேண்டும், தனிக் கட்டணம் கூடாது. புதுப்பிக்கும் கடைசித் தேதியை ஜூலைக்குப் பிறகு தள்ள வேண்டும். இதில் எதுவும் அணியைத் திவாலாக்காது. 45 கோடிக்கு வாங்கிய அணி இன்று பல நூறு கோடி டாலர் பெறுகிறது.

நீங்களே ஒருநாள் அமெரிக்காவில் இருந்து சீசன் டிக்கெட் வாங்கும் எண்ணம் வந்தால், கோப்பை வாங்கிய வருடத்தில் வாங்காதீர்கள். அணி கடைசி இடத்தில் இருக்கும்போது வாங்குங்கள். விலை இறங்கியிருக்கும், நல்ல இருக்கை கிடைக்கும், விற்பனைப் பிரிவில் இருப்பவர் உங்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார். முழு 41 வேண்டாம், பாதித் தொகுப்போ பத்து ஆட்டத் தொகுப்போ பெரும்பாலான அணிகளில் உண்டு, அதை வைத்தே வரிசையில் மூப்பு சேருமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.